தவளைத் தோலும் மருந்துச் சந்தையும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் திருமயத்தில் இரவுகள் தவளைகளுக்குச் சொந்தம். கண்மாய் நிறைகிறதோ இல்லையோ, கோட்டையைச் சுற்றியுள்ள பள்ளங்களிலும் வயல்களிலும் தேங்கும் நீர் அவற்றுக்குப் போதும்; விடியும்வரை குரல் ஓயாது. அந்த நீர் எத்தகையது என்பதை நாம் அறிவோம். ஆடுமாடுகள் இறங்கிக் கலக்கியது. அழுகிய இலைதழையும் சாணமும் தெருக்கழிவும் சேர்ந்தது. காலில் சிறு கீறலுடன் அதில் நின்றால் மனிதனுக்கு இரண்டு நாளில் சீழ் பிடித்துவிடும். தவளைக்கோ உடல் முழுவதும் மெல்லிய ஈரத்தோல்தான். செதில் இல்லை, மயிர் இல்லை. அந்தத் தோல் வழியாகவே அது சுவாசிக்கவும் செய்கிறது. ஆயினும் அது அழுகிப் போவதில்லை. ஏன்?

இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர் மைக்கேல் ஸாஸ்லாஃப் என்னும் அமெரிக்க மருத்துவர். வேறோர் ஆய்வுக்காக ஆப்பிரிக்கத் தவளைகளின் வயிற்றைக் கீறி முட்டைகளை எடுத்துத் தைத்து, கலங்கிய நீர்த்தொட்டியிலேயே விட்டுவந்தார். தையலிட்ட காயங்கள் சீழ் பிடிக்காமல் ஆறின. தோலை ஆராய்ந்தபோது 23 அமினோ அமிலங்கள் கோத்த இரு சிறு சங்கிலிகள் கிடைத்தன. ‘கேடயம்’ என்னும் பொருளுடைய எபிரேயச் சொல்லிலிருந்து அவற்றுக்கு ‘மகைனின்’ என்று பெயரிட்டார். அது 1987. அதற்கு ஆறாண்டுகள் முன்பே சுவீடனில் ஹான்ஸ் போமன் குழுவினர் ஒருவகைப் பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழுவில் ‘செக்ரோபின்’ என்னும் இதேபோன்ற பொருளைக் கண்டறிந்திருந்தனர். இன்று நமக்குத் தெரியும்: பூச்சி, தவளை, தாவரம், மனிதன் என ஏறத்தாழ எல்லா உயிர்களும் இத்தகைய ஆயுதங்களைச் செய்துகொள்கின்றன. இவற்றுக்குப் பொதுப்பெயர் நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடுகள். பெப்டைடு என்பது புரதத்தின் குறுகிய வடிவம்; அமினோ அமில மணிகள் கோத்த சிறு மாலை.

நான் பொருளாதாரம் கற்பித்தவன். வேதியியல் என் துறையன்று. இப்பொருள் பற்றி எழுத முற்படுவதற்குக் காரணம், இதன் கடினமான பகுதி இப்போது ஆய்வகத்தைவிடச் சந்தையில்தான் இருக்கிறது என்று நான் கருதுவது. அதற்கு முன் ஆய்வகத்தில் நடப்பதைச் சற்றுப் புரிந்துகொள்ள வேண்டும்.

நாம் வழக்கமாக உண்ணும் ஆன்டிபயாடிக் மருந்துகளில் பெரும்பாலானவை பாக்டீரியாவினுள் ஏதேனும் ஒரு குறிப்பிட்ட பொறியைத் தேடிப் பிடித்து முடக்குபவை. பென்சிலின், செல்லின் சுவரைக் கட்டும் நொதியை முடக்குகிறது. வேறு சில, புரதம் தயாரிக்கும் இடத்தை அடைக்கின்றன. பூட்டுக்கேற்ற சாவி போல. பூட்டின் அமைப்பைச் சற்றே மாற்றிக்கொண்டாலோ, சாவியை வெட்டிப்போடும் நொதி ஒன்றைச் செய்துகொண்டாலோ பாக்டீரியா தப்பிவிடும். பெப்டைடின் வழி வேறு. அது சாவி தேடுவதில்லை, மதிலையே உடைக்கிறது.

எங்கள் ஊர்க் கோட்டை 1687இல் சேதுபதிகள் கட்டியது. ஒன்றினுள் ஒன்றாக மதில்கள். மருத்துவமனைகளை அச்சுறுத்தும் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற பாக்டீரியாக்களும் அவ்வாறே இரட்டைச் சவ்வுடையவை. அந்தச் சவ்வின் வெளிப்புறம் எதிர்மின் தன்மை கொண்டது. மனித செல்லின் வெளிப்புறமோ ஏறக்குறைய மின்நடுநிலையானது. கொலஸ்டிரால் சேர்ந்து உறுதியும் பெற்றது. பெப்டைடில் லைசின், அர்ஜினின் ஆகிய நேர்மின் அமினோ அமிலங்கள் மிகுதி. ஆகவே அது பாக்டீரியாவின் மேல் இயல்பாகவே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் சுருள்கம்பி போல வளைகிறது. அச்சுருளின் ஒருபக்கம் நீரை நாடும். மறுபக்கம் கொழுப்பை நாடும். கொழுப்பை நாடும் பக்கம் சவ்வினுள் புகுந்து துளையிட, செல்லின் உள்ளிருப்பு வெளியே கசிகிறது. நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். ஒரு பூட்டை மாற்றுவதைவிட மதில் முழுவதையும் வேறு கல்லால் கட்டிக்கொள்வது கடினம்; இவ்வகை மருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் மெதுவாகவே தோன்றும் என்ற எதிர்பார்ப்பின் அடிப்படை இதுவே.

ஒரு சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளையலாம், எவற்றில் வளைய இயலாது என்று கணக்கிட்டு வரைபடமாக்கியது சென்னைப் பல்கலைக்கழகம் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகிய மூவரும் 1963இல் வெளியிட்ட அந்த ‘ராமச்சந்திரன் வரைபடம்’ இன்றும் உலகெங்கும் புரத அமைப்பைச் சரிபார்க்கும் அடிப்படைக் கருவி. அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் மெரிஃபீல்ட், பெப்டைடு மணிகளைத் திடமான பரப்பின்மீது ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் முறையை வெளியிட்டார். அதற்கு 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. வளையும் விதி சென்னையில், கோக்கும் முறை நியூயார்க்கில். பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி.பலராமும் அவருடைய மாணவர் ஆர்.நாகராஜும் பூஞ்சையிலிருந்து கிடைக்கும் ‘அலமெத்திசின்’ என்னும் பெப்டைடு எவ்வாறு சவ்வில் வாயில் திறக்கிறது என்பதை ஆராய்ந்தனர். நாகராஜ் ஐதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் இத்துறையைத் தொடர்ந்து வளர்த்தார். இந்த அறிவு நமக்கு அயலிலிருந்து வந்து சேர்ந்த சரக்கன்று.

மருந்தெதிர்ப்பின் கதையிலும் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. அது பெருமைக்குரிய இடமன்று. 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் பிரிட்டனின் டிமொதி வால்ஷ் உள்ளிட்டோரும் ‘லான்செட் தொற்றுநோய்கள்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கார்பபெனம் என்னும் உயர்வகை ஆன்டிபயாடிக்கையும் சிதைத்துவிடும் ‘என்டிஎம்-1’ நொதியைக் கொண்ட பாக்டீரியாக்கள் சென்னை மாதிரிகளில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா-பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என அது பட்டியலிட்டது. நொதியின் பெயரில் ‘நியூ டெல்லி’ இடம்பெற்றிருந்ததால் அன்று எழுந்த கூச்சல் பெரிது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள். பெயரிட்டதற்காக ‘லான்செட்’ ஆசிரியர் பின்னர் வருத்தமும் தெரிவித்தார். பெயரைப் பற்றிய சண்டையில் பொருள் மறைந்துபோனது. அந்தப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு எதிராக எஞ்சியிருந்தவை இரண்டே மருந்துகள்: டைகிசைக்ளின், கொலிஸ்டின்.

கொலிஸ்டின் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது ஒரு நகரத்து மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில். என் மைத்துனர் இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்டிருந்தார். அறுவை நன்றாகவே நடந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல்; ஏழாம் நாள் செயற்கைச் சுவாசம். கல்ச்சர் பரிசோதனை அறிக்கையை இளம் மருத்துவர் ஒருவர் எங்களிடம் காட்டினார். அசினெட்டோபாக்டர். கீழே பதினான்கு மருந்துகளின் பெயர்கள். அவற்றில் பதின்மூன்றுக்கு நேரே ‘எதிர்ப்புண்டு’ என்பதற்கான ஒரே எழுத்து. கடைசி வரியில் கொலிஸ்டின். “சார், இது கிட்னியைப் பாதிக்கலாம். ஆனால் வேறு வழியில்லை” என்றார் அவர். பாதிக்கத்தான் செய்தது. மைத்துனர் பிழைத்து வீடு திரும்பினார். வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். எலும்பு முறிந்து போனவர் சிறுநீரகத்தை இழந்து வந்தார் என்று என் அக்காள் இன்றும் சொல்கிறார்.

அந்தக் கொலிஸ்டினும் ஒரு பெப்டைடுதான். 1940களின் இறுதியில் ஜப்பானில் ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. நேர்மின் தன்மை கொண்ட வளையம், அதில் ஒரு கொழுப்பு வால். மதிலை உடைக்கும் அதே உத்தி. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று கைவிடப்பட்ட அதனை, வேறு எதுவும் வேலை செய்யாத நிலையில் மருத்துவ உலகம் தூசி தட்டி எடுத்தது. இங்கே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. மனிதருக்குக் கடைசி மருந்தாக வைத்திருந்த இதையே, கோழிகளும் பன்றிகளும் விரைவில் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலந்தோம். 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் ‘எம்சிஆர்-1’ என்னும் மரபணுவைக் கண்டறிந்து அறிவித்தனர். பாக்டீரியாவின் வெளிச்சவ்விலுள்ள எதிர்மின் தன்மையை அது குறைத்துவிடுகிறது. கொலிஸ்டினால் ஒட்டிக்கொள்ள முடிவதில்லை. ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய மரபணு அது. உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் தருவதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்தது. நல்ல முடிவு, ஆனால் மதிலின் கல்லையும் மாற்றிக்கொள்ள முடியும் என்று பாக்டீரியா அதற்குள் காட்டிவிட்டது. ஆகவே பெப்டைடுகள் எதிர்ப்பே தோன்றாத அதிசய மருந்துகள் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். தோன்றும், நாம் பயன்படுத்தும் முறையைப் பொறுத்துச் சீக்கிரமாகவோ தாமதமாகவோ.

பாதிப்பின் அளவு என்ன? 2019இல் மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாக்களால் நேரடியாக நிகழ்ந்த மரணங்கள் உலகில் 12.7 லட்சம், இந்தியாவில் ஏறத்தாழ 3 லட்சம் என்பது 2022இல் லான்செட்டில் வெளிவந்த ஆய்வை ஒட்டிய மதிப்பீடு. எச்.ஐ.வி.யோ மலேரியாவோ அவ்வாண்டு இத்தனை உயிர்களைப் பறிக்கவில்லை.

இயற்கை தந்த பெப்டைடை அப்படியே ஊசியில் ஏற்றிச் செலுத்தலாமே என்று தோன்றும். முடியாது. நம் இரத்தத்திலுள்ள புரதச் சிதைப்பு நொதிகள் அதைச் சிறிது நேரத்தில் துண்டாடிவிடும். செறிவைக் கூட்டினால் அது சிவப்பணுக்களின் சவ்வையும் துளைக்கத் தொடங்கும். எனவேதான் ‘வடிவமைப்பு’ தேவைப்படுகிறது. எங்கே நேர்மின் மணியைக் கூட்டுவது, எங்கே கொழுப்பை நாடும் மணியைக் குறைப்பது, இயற்கையில் பொதுவாகக் காணப்படாத கண்ணாடி வடிவ அமினோ அமிலத்தை எங்கே நுழைத்து நொதியை ஏமாற்றுவது, சங்கிலியின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கலாமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மணிவகைகள் 20. இருபது மணிகள் கோத்த மாலை ஒன்றுக்கு எத்தனை வாய்ப்புகள் என்று கணக்கிட்டால் ஒன்றுக்குப் பின் 26 பூச்சியங்கள் வரும். எந்த ஆய்வகமும் இவற்றைச் செய்துபார்த்து முடிக்க இயலாது.

கணினி இங்கேதான் நுழைகிறது. இந்திய அறிவியல் கழகத்தில் தீபேஷ் நாகராஜன், நாகசுமா சந்திரா உள்ளிட்ட குழுவினர் 2018இல் ஓர் அழகான உத்தியைக் கையாண்டனர். அறியப்பட்ட பெப்டைடுகளை ஒரு மொழியின் சொற்களாகக் கருதி, எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வரக்கூடும் என்பதைக் கணினிக்குக் கற்பித்தனர். கற்ற கணினி, இயற்கையில் இல்லாத புதிய ‘சொற்களை’ உருவாக்கியது. இன்று எல்லோரும் பேசும் உரையாடல் செயலிகளின் அடிப்படையும் இதற்கு நெருங்கிய உறவே. அடுத்த ஆண்டு அக்குழு வேறொரு கணித முறையில் ‘ஒமேகா 76’ என்னும் பெப்டைடை வடிவமைத்தது. கார்பபெனத்துக்கும் டைகிசைக்ளினுக்கும் அடங்காத அசினெட்டோபாக்டர் தொற்றிய எலிகளை அது காப்பாற்றியது. எலிகளிடம் கடும் நச்சுத்தன்மையும் தென்படவில்லை. என் மைத்துனரைத் தாக்கிய அதே பாக்டீரியா இனம். பெங்களூரு ஆய்வகத்தில் ஓர் எலிக்குக் கிடைத்த வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை என்று எழுதும்போது எனக்குச் சற்றுக் கசப்பாகவே இருக்கிறது.

வெளிநாடுகளிலும் வேலை மும்முரமாக நடக்கிறது. பென்சில்வேனியாவில் சீஸர் டி லா ஃபுவென்டேயின் குழு, அழிந்துபோன கம்பளி யானையின் மரபணுப் பதிவுகளிலிருந்துகூடப் பெப்டைடுகளைத் தோண்டி எடுத்திருக்கிறது. ரோஷ் நிறுவனம் ஏறத்தாழ 45,000 வளையப் பெப்டைடுகளைச் சலித்தெடுத்த தேடலில் பிறந்த ‘சோசுராபல்பின்’, அசினெட்டோபாக்டர் தன் வெளிச்சவ்வைக் கட்டுவதற்கான சரக்குப் போக்குவரத்தையே நிறுத்திவிடுகிறது. 2024 ஜனவரியில் இதன் விவரங்கள் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தன. நம் பக்கத்து வீட்டுச் செய்தி ஒன்றும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளை ஒன்றின் தோலிலிருந்து திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் பிரித்தெடுத்த பெப்டைடு, ஒருவகை ஃபுளூ வைரஸைச் சிதைத்தது. களரியில் சுழற்றும் உருமி வாளை நினைத்து 2017இல் அதற்கு ‘உருமின்’ என்றே பெயர் சூட்டினார்கள். அது வைரஸுக்கானது என்பதால் இங்கே நேரடியாகப் பொருந்தாது; பெயர் அழகுக்காகச் சொன்னேன்.

இனி என் துறைக்கு வருகிறேன்.

ஸாஸ்லாஃப் கண்ட மகைனினைச் சற்று மாற்றி, நீரிழிவு நோயாளிகளின் பாதப் புண்ணுக்கு ‘பெக்ஸிகானன்’ என்னும் களிம்பாக்கினார்கள். 1999இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி மறுத்தது. ஏற்கெனவே உள்ள மாத்திரையைவிட அது மேம்பட்டதாக இல்லை என்பது காரணம். பிற்பாடு 2016இல் மீண்டும் நடத்திய சோதனைகளிலும் அது தேறவில்லை. அறிவியல் தோல்வி என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அறிவியலில் வென்றவர்களுக்கு என்ன நேர்ந்தது? கலிபோர்னியாவின் அக்கவோஜென் நிறுவனம் ‘பிளாசோமைசின்’ என்னும் புதிய ஆன்டிபயாடிக்குக்கு (இது பெப்டைடு வகையன்று) 2018 ஜூனில் அனுமதி பெற்றது. 2019 ஏப்ரலில் திவாலானது. பத்தே மாதங்கள்.

நம் சென்னைக் கதையையும் பார்ப்போம். ஆர்க்கிட் ஃபார்மா ஆய்வாளர்கள் கண்டறிந்த ‘என்மெட்டாசோபாக்டம்’ என்னும் மூலக்கூறு, எதிர்ப்பு நொதிகளை முடக்கிப் பழைய மருந்துக்குப் புத்துயிர் தருவது. இதுவும் பெப்டைடன்று, ஆனால் பாடம் பொது. அதை இறுதிவரை வளர்க்கும் பொறுப்பு அல்லெக்ரா என்னும் ஐரோப்பிய நிறுவனத்துக்கு உரிமமாகப் போனது. ஆர்க்கிட் 2017இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளாகி, 2020இல் வேறு கைக்கு மாறியது. அதன் கடன்களுக்கு இந்த மருந்துதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. 2024 பிப்ரவரியில் அம்மருந்து அமெரிக்க அனுமதி பெற்றபோது, இந்தியாவில் கண்டறியப்பட்டு அத்தகைய அனுமதி பெற்ற முதல் ஆன்டிபயாடிக் என்று கொண்டாடப்பட்டது. கண்டறிந்தவர்கள் அந்நாள்வரை தாக்குப்பிடிக்க நேர்ந்த பாதையை எண்ணிப் பார்த்தால், அடுத்த இளைஞர் இதே தொழிலில் இறங்குவாரா என்பது ஐயம்தான்.

காரணம் எளியது. மற்ற எந்தச் சரக்குக்கும் இல்லாத ஒரு விசித்திரம் நல்ல ஆன்டிபயாடிக்குக்கு உண்டு: அது எவ்வளவு சிறந்ததோ, அவ்வளவு குறைவாக விற்கப்பட வேண்டும். புதிய மருந்து வந்தவுடன் மருத்துவர்கள் அதைப் பூட்டி வைக்கிறார்கள். வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கிறார்கள். அதுவே சரியான மருத்துவம். ஆனால் அளவுக்கு விலை என்று இயங்கும் சந்தையில், பூட்டி வைத்த சரக்குக்கு வருமானம் இல்லை. பயன்படுத்தினாலும் ஏழு நாள், பத்து நாள். நோயாளி குணமாகி வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து விலகிவிடுவார்.

பெப்டைடு செய்வது செலவு மிக்கது, அதனால்தான் மருந்தாகவில்லை என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். இதை நான் முழுமையாக ஏற்கவில்லை. செமாகுளூடைடு என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சர்க்கரை நோய்க்கும் உடற்பருமனுக்கும் வாரம் ஓர் ஊசி. அது 31 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு, மகைனினைவிட நீளமானது. ஈஸ்டை வளர்த்து அதன் உதவியால் தொழிற்சாலைகளில் பேரளவில் செய்கிறார்கள். நொதிகள் சிதைக்காதபடி அதை மாற்றியமைக்கவும் வழி கண்டார்கள். அவ்வகை மருந்துகளில் முதலாவது, அமெரிக்கப் பாலைவனப் பல்லி ஒன்றின் உமிழ்நீரிலிருந்து வந்தது. இங்கே தவளை, அங்கே பல்லி, தொடக்கம் ஒன்றுதான். நீரிழிவுக்காரரின் காற்புண்ணுக்கான பெப்டைடு தடுமாறி விழுந்தது. அதே நீரிழிவுக்காரரின் சர்க்கரைக்கான பெப்டைடு, 2023இல் தன் தயாரிப்பாளரை ஐரோப்பாவின் மிகமிக மதிப்புள்ள நிறுவனமாக உயர்த்தியது. இரண்டாவதை ஆண்டுக்கணக்கில் வாரந்தோறும் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு இதை விளக்க முடியாது. பணம் வரும் என்று தெரிந்தால் வேதியியலின் பல முடிச்சுகள் அவிழ்கின்றன.

அப்படியானால் எப்படிப் பணம் தருவது? எங்கள் பகுதிக் கண்மாய்ப் பாசனத்தில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. மடையைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கு அறுவடையில் ஏக்கர் கணக்கில் நெல் அளப்பார்கள். எத்தனை முறை மடை திறந்தார் என்று எண்ணிக் கூலி கொடுப்பதில்லை. அப்படிக் கொடுத்திருந்தால் அவர் தினமும் திறந்திருப்பார். கண்மாய் தை மாதத்துக்கு முன்பே வறண்டிருக்கும். அவருக்குக் கொடுத்தது தண்ணீருக்கான விலையன்று, தண்ணீர் இருப்பதற்கான விலை. வகுப்பில் பொதுவளம் பற்றிப் பாடம் நடத்துகையில் எந்த ஆங்கில நூலின் எடுத்துக்காட்டைவிடவும் இதுவே மாணவர்களுக்கு விளங்கியது.

பிரிட்டன் 2022இல் தொடங்கிய திட்டம் ஏறத்தாழ இதுதான். இரண்டு புதிய ஆன்டிபயாடிக்குகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஒரு கோடி பவுண்டு வரை, அதாவது நூறு கோடி ரூபாய்க்கு மேல், அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை சந்தாவாகச் செலுத்த ஒப்புக்கொண்டது. எத்தனை நோயாளிகளுக்குத் தேவைப்பட்டாலும் தொகை மாறாது. விற்பனையைக் கூட்டுவதால் நிறுவனத்துக்கு லாபமில்லை. மருந்து திறனோடு நீடித்தால்தான் சந்தாவும் நீடிக்கும்.

இதைச் செய்யக்கூடிய அமைப்பு நம்மிடமே இருக்கிறது. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கி விலையை அடக்கியதில் நாட்டுக்கே முன்னோடி. அதன் பலம் இன்றுவரை அளவு: நிறைய வாங்கு, குறைந்த விலைக்கு வாங்கு. கடைசி நிலை ஆன்டிபயாடிக்குகளுக்கு மட்டும் வேறொரு வகை ஒப்பந்தம் வேண்டும் என்பதே என் வாதம். ஒரு மாநிலம் தனியே சுமப்பது கடினம்; மத்திய அரசும் தென் மாநிலங்களும் சேர்ந்து ஒரு பொதுச் சந்தாவைத் தொடங்கலாம். இந்தியாவில் இத்தொற்று மிகுதி. எனவே நாம் சேரும் ஒப்பந்தத்துக்கு எந்த மருந்து நிறுவனமும் செவிசாய்க்கும்.

அடிப்படைச் சுகாதாரத்துக்கே பணம் போதாத நாட்டில் இது ஆடம்பரம் என்பார் உளர். அவர்களுக்கு 2025இல் லான்செட் தொற்றுநோய்கள் இதழில் வந்த ஓர் ஆய்வைக் காட்டுவேன். 2019இல் இந்தியா உள்ளிட்ட எட்டு நாடுகளில் கார்பபெனத்துக்கு அடங்காத தொற்றுகள் ஏறத்தாழ 15 லட்சம்; பொருத்தமான ஆன்டிபயாடிக் கிடைத்தவர்கள் வெறும் 6.9 விழுக்காட்டினர். இந்தியாவில் 7.8. கண்ட காய்ச்சலுக்கெல்லாம் ஆன்டிபயாடிக் விழுங்குகிறோம் என்று நம்மை நாமே கடிந்துகொள்கிறோம். அது உண்மைதான், மாத்திரை அட்டையின் சிவப்புக் கோட்டை மருந்துக் கடைகளில் யார் மதிக்கிறார்கள்? ஆனால் உண்மையில் தேவைப்படும் நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உரிய மருந்து எட்டவில்லை என்பது அதைவிடப் பெரிய உண்மை. மிகுதியும் பற்றாக்குறையும் ஒரே ஊரில், சில வேளைகளில் ஒரே வீட்டில் இருக்கின்றன.

சந்தா ஒப்பந்தத்தைவிட முன்னதாக வர வேண்டியது ஒன்றுண்டு: ஆய்வகம். எந்தப் பாக்டீரியா, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரியாமல் பூட்டைத் திறந்தால், புதிய பெப்டைடும் கொலிஸ்டின் வழியிலேயே போகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013இல் தொடங்கிய மருந்தெதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பில் வேலூர் சி.எம்.சி. ஒரு முதன்மை மையம். அதில் சேரும் தரவுகள் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளுடையவை. திருமயத்திலிருந்து இருபது கிலோமீட்டரில் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி 2017இலிருந்து இயங்குகிறது. இத்தகைய மாவட்டக் கல்லூரிகள் அனைத்தின் கல்ச்சர் அறிக்கைகளும் ஒரே பதிவேட்டில் சேர்ந்தால், எந்த மருந்துக்கு, எத்தனை நோயாளிகளுக்கு, எங்கே சந்தா கட்ட வேண்டும் என்ற கணக்கு அரசின் கையில் இருக்கும். எந்தப் பரிசோதனைக்குப் பின், எவர் கையொப்பத்துடன் அம்மருந்து வெளியே எடுக்கப்படும் என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

இவற்றை இப்போதே அறிவிக்க வேண்டியதற்குக் காரணம் காலக்கணக்கு. எலிகளிடம் வேலை செய்யும் ஒரு பெப்டைடு மனிதச் சோதனைகளின் மூன்று கட்டங்களையும் கடந்து படுக்கையருகே வந்து சேரப் பத்தாண்டு ஆகலாம். அதில் பணம் போடுபவர் பத்தாண்டுக்குப் பின் வாங்குபவர் யார் என்று இன்று கேட்கிறார். பெங்களூருவிலும் ஐதராபாத்திலும் திருவனந்தபுரத்திலும் இருக்கும் ஆய்வுக் குழுக்களால் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. கொள்முதல் செய்யும் அரசால் முடியும்.